மருத்துவப் பரிசோதனைப் பரிந்துரையும் மின்னணு நோயாளர் பதிவேடும்: ஒரு வரலாறு

மின்னணு நோயாளர் பதிவேடு என்பது ஒரு நோயாளியின் நோய் விவரம், உட்கொள்ளும் மருந்துகள், பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றைக் கணினியில் சேர்த்து வைக்கும் முறையாகும். மருத்துவர் ஒரு பரிசோதனையை எழுதும்போதே, அது அந்த நோயாளிக்கு அப்போது தேவைதானா என்று எடுத்துக்காட்டும் கருவிகளும் இப்பதிவேட்டுடன் இணைக்கப்படுகின்றன. பழைய முடிவைத் திரையில் காட்டுதல், கட்டணத்தைக் காட்டுதல், நினைவூட்டுதல், எச்சரித்தல், தடுத்தல் ஆகியன இவற்றின் முக்கிய வகைகள். இக்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்தது. மருத்துவரின் முடிவில் ஓர் இயந்திரம் எந்த அளவுக்குத் தலையிடலாம் என்ற கேள்வி இவ்வரலாறு முழுவதிலும் தொடர்கிறது.

பின்னணி: பரிசோதனைகள் பெருகியது எப்படி?

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இரத்தப் பரிசோதனைகள் ஒவ்வொன்றும் ஆய்வகப் பணியாளரின் கையால் செய்யப்பட்டன. நேரமும் உழைப்பும் மிகுதியாகத் தேவைப்பட்டதால் மருத்துவர்கள் எண்ணிப் பார்த்தே எழுதினர். லெனார்ட் ஸ்கெக்ஸ் கண்டுபிடித்த தானியங்கிப் பகுப்பாய்வுக் கருவியை டெக்னிகான் நிறுவனம் 1957இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பத்தாண்டில் ஒரே இரத்த மாதிரியிலிருந்து பன்னிரண்டு அளவீடுகளைத் தரும் கருவிகள் வந்தன. ஒன்றுக்குப் பதில் பன்னிரண்டு பரிசோதனைகள் செய்வதற்குக் கூடுதல் உழைப்பு தேவைப்படவில்லை. எனவே தொகுப்பாக எழுதும் பழக்கம் பரவியது.

பணம் செலுத்தும் முறையும் இதற்குத் துணை நின்றது. 1966இல் நடைமுறைக்கு வந்த முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டம், செய்யப்பட்ட சேவைகளுக்கு ஏற்பப் பணம் கொடுத்தது. 1983இல் இம்முறை மாற்றப்பட்டு, உள்நோயாளியின் நோய்க்கு ஏற்ப ஒரே நிலையான தொகை வழங்கும் முறை வந்தது. அதன் பிறகு மருத்துவமனையில் செய்யப்படும் ஒவ்வொரு கூடுதல் பரிசோதனையும் மருத்துவமனையின் சொந்தச் செலவாயிற்று. பரிசோதனைகளைக் குறைக்கும் ஆராய்ச்சிக்கு 1980களில் வேகம் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மிகையான பரிசோதனையால் பணம் மட்டும் வீணாவதில்லை. பல அளவீடுகளின் இயல்பு எல்லை, நலமாக உள்ளவர்களில் 95 விழுக்காட்டினர் அடங்கும்படி வகுக்கப்படுகிறது. அதாவது, நலமாக உள்ளவர்களிலும் 100இல் 5 பேருக்கு முடிவு எல்லைக்கு வெளியே நிற்கும். ஒன்றோடொன்று தொடர்பற்ற 20 பரிசோதனைகளை நலமான ஒருவருக்குச் செய்தால், குறைந்தது ஒன்றாவது இயல்புக்கு மாறாகத் தெரியும் வாய்ப்பு சுமார் 64 விழுக்காடு. அதைத் துரத்திச் செல்லும்போது மேலும் இரத்தம் எடுத்தல், ஸ்கேன், சில வேளைகளில் திசு எடுத்தல் என வரிசை நீளும். மருத்துவமனையில் நாள்தோறும் இரத்தம் எடுக்கப்படும் நோயாளிக்கு அதனாலேயே இரத்தசோகை ஏற்படுவதும் உண்டு.

மறுபுறம், செய்ய வேண்டிய பரிசோதனையைச் செய்யாமல் விடுவதும் பிழையே. எனவே "பொருத்தமான பரிசோதனை" என்பதற்கு "குறைவான பரிசோதனை" என்று பொருளில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனையை ஒரே வாரத்தில் இருமுறை செய்வது வீண். அதையே ஒரு நீரிழிவு நோயாளிக்கு ஆண்டுக்கணக்கில் செய்யாமல் இருப்பது ஆபத்து.

தொடக்க முயற்சிகள்

லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் 1968இல் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு அடித்தளமாகக் கருதப்படுகிறது. அன்றைய நோயாளர் குறிப்புகள், தேதி வரிசையில் பலர் எழுதிச் சேர்த்த தாள்களாக இருந்தன. எந்தப் பரிசோதனை எந்தக் காரணத்துக்காக எழுதப்பட்டது என்று அவற்றிலிருந்து அறிய இயலவில்லை. நோயாளியின் சிக்கல்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு சிக்கலின் கீழும் அதற்குரிய தகவல், முடிவு, திட்டம் ஆகியவற்றை எழுத வேண்டும் என்றார் வீட். பின்னர் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் தம் முறையைத் தொடுதிரை கொண்ட கணினிகளில் அமைத்துக் காட்டினார்.

கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரிலுள்ள எல் கமினோ மருத்துவமனையில் 1971 முதல் மருத்துவர்கள் ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டு மருந்தும் பரிசோதனையும் பதிவு செய்தனர். லாக்ஹீட் நிறுவனம் உருவாக்கிய இம்முறை பின்னர் டெக்னிகான் நிறுவனத்தின் கைக்கு மாறியது. பரிசோதனைகளைப் பெருக்கிய தானியங்கிக் கருவியை விற்றதும் இதே நிறுவனம்தான். சால்ட் லேக் சிட்டியில் ஹோமர் வார்னர் தலைமையில் உருவான "ஹெல்ப்" என்ற அமைப்பு, பதிவான தகவல்களைக் கொண்டு மருத்துவருக்கு ஆலோசனை கூறும் விதிகளைக் கணினியில் ஏற்றியது.

இண்டியானாபொலிஸ் ஆய்வுகள்

இத்துறையின் அடிப்படைக் கேள்விகளில் பல, இண்டியானாபொலிஸ் நகரின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனத்தில் முதன்முறையாக முறைப்படி சோதிக்கப்பட்டன. கிளமென்ட் மெக்டொனால்ட் தலைமையில் 1972இல், நகரின் பொது மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவில் 35 நோயாளிகளைக் கொண்டு அங்கே மின்னணுப் பதிவேடு தொடங்கியது. அம்மருத்துவமனை பின்னர் விஷார்ட் நினைவு மருத்துவமனை என்று அழைக்கப்பட்டது.

மெக்டொனால்டின் முதல் நோக்கம் சிக்கனம் அன்று, மறதியைச் சரிசெய்வதே. உதாரணமாக, உடலிலிருந்து நீரை வெளியேற்றும் சில மருந்துகளை உட்கொள்வோருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் குறையலாம். அதை அவ்வப்போது பார்க்க வேண்டும். இது மருத்துவர் எவருக்கும் தெரிந்த செய்தி. ஆயினும் நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவில் அது விடுபட்டுப் போகும். கணினி ஒவ்வொரு நோயாளியின் பதிவையும் முன்கூட்டியே படித்து, இத்தகைய நினைவூட்டல்களைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தது.

1976இல் வெளியான ஆய்வின் முடிவு பலரையும் சிந்திக்க வைத்தது. நினைவூட்டல் வந்தபோது மருத்துவர்கள் 51 விழுக்காடு நிகழ்வுகளில் உரிய நடவடிக்கை எடுத்தனர். நினைவூட்டல் இல்லாதபோது அதே மருத்துவர்கள் 22 விழுக்காடு நிகழ்வுகளில்தான் எடுத்தனர். மருத்துவருக்கு அறிவு குறைவு என்பதோ அக்கறை இல்லை என்பதோ காரணமன்று. மனித மனம் ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடிய செய்திகளுக்கு ஓர் எல்லை உண்டு என்பதே காரணம் என்று மெக்டொனால்ட் முடிவு கட்டினார். மனிதனை முழுமையாக்க இயலாது என்ற கருத்தைக் கட்டுரையின் தலைப்பிலேயே அவர் வைத்திருந்தார்.

1980களில் அதே நிறுவனத்தின் வில்லியம் டியர்னியும் குழுவினரும் மிகைப் பரிசோதனையின் பக்கம் திரும்பினர். பரிசோதனை எழுதும்போது அதன் பழைய முடிவுகளைத் திரையில் காட்டினால், பரிசோதனைக் கட்டணம் 13 விழுக்காடு குறைவதை 1987இல் வெளியான ஆய்வில் கண்டனர். முந்தைய முடிவு தாள்கட்டில் எங்கோ கிடந்ததால்தான் அதே பரிசோதனை மீண்டும் எழுதப்பட்டது என்பதை இது புலப்படுத்தியது.

1990இல் வெளியான அடுத்த ஆய்வில் 121 மருத்துவர்கள் பங்குபெற்றனர். பாதிப் பேருக்கு, பரிசோதனை எழுதும்போது அதன் கட்டணமும் அதுவரை எழுதியவற்றின் கூட்டுத்தொகையும் திரையில் தெரிந்தன. இது 26 வாரங்கள் நீடித்தது. அவர்கள் எழுதிய பரிசோதனைகள் 14 விழுக்காடும் கட்டணம் 13 விழுக்காடும் குறைந்தன. நோயாளிகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதோ அவசரப் பிரிவுக்கு வருவதோ அதிகரிக்கவில்லை. ஆனால் கட்டணம் காட்டுவதை நிறுத்திய பிறகு 19 வாரங்களுக்குள் பழைய நிலையே திரும்பியது. மருத்துவர்கள் ஆறு மாதம் நாள்தோறும் பார்த்த விலைகள் அவர்கள் பழக்கத்தை நிலையாக மாற்றவில்லை. கருவி இருந்தவரை பயன் இருந்தது. அது போனதும் பயனும் போனது. 1976ஆம் ஆண்டு ஆய்வு கூறியதையே இதுவும் வேறு வழியில் உறுதிப்படுத்தியது.

1993இல் வெளியான ஆய்வு, இதற்கு மருத்துவர் கொடுக்கும் விலையையும் காட்டியது. உள்நோயாளர் பிரிவில் எல்லாப் பரிந்துரைகளையும் கணினியில் எழுத வைத்தபோது, ஒரு சேர்க்கைக்கான கட்டணம் 12.7 விழுக்காடு, அதாவது 887 டாலர் குறைந்தது. ஆனால் பயிற்சி மருத்துவர்கள் 10 மணி நேர வேலையில் பரிந்துரை எழுதுவதற்காக 33 நிமிடங்கள் கூடுதலாகச் செலவிட்டனர். கட்டணம் குறைந்த பலன் மருத்துவமனைக்கும் காப்பீட்டுக்கும் போனது. கூடுதல் நேரம் இளம் மருத்துவரின் கணக்கில் சேர்ந்தது.

பாஸ்டனில் கிடைத்த பாடம்

பாஸ்டன் நகரின் பிரிகாம் மகளிர் மருத்துவமனையில் டேவிட் பேட்ஸ் குழுவினர் இரண்டு முக்கிய ஆய்வுகளைச் செய்தனர். உள்நோயாளர் பிரிவில் கட்டணத்தைக் காட்டிப் பார்த்த 1997ஆம் ஆண்டு ஆய்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. இண்டியானாபொலிஸ் புறநோயாளர் பிரிவில் பலித்தது இங்கே பலிக்கவில்லை.

1999இல் வெளியான இரண்டாம் ஆய்வு, ஒரே பரிசோதனையைக் குறுகிய இடைவெளியில் மீண்டும் எழுதுவதைப் பற்றியது. அப்படி எழுதும்போது கணினி நினைவூட்டியது. 437 நினைவூட்டல்களில் 300ஐ மருத்துவர்கள் ஏற்றுப் பரிசோதனையை நீக்கினர். மீதியுள்ள 137இல் 41 விழுக்காட்டுக்குத் தக்க காரணம் இருந்தது. கேட்பதற்கு இது பெரும் வெற்றி. ஆனால் ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்ட சேமிப்பு 35,000 டாலர் மட்டுமே. காரணம், நடந்து முடிந்த மிகைப் பரிசோதனைகளில் 44 விழுக்காடு மட்டுமே கணினி வழியாக எழுதப்பட்டவை. மற்றவை கணினியில் பதிவாகாமலேயே ஆய்வகத்தைச் சென்றடைந்தன. வாசலில் காவல் வைத்தாலும், கொல்லைப்புறக் கதவு திறந்தே இருந்தது.

படிவத்தின் வலிமை

நெதர்லாந்தில் ஆய்வாளர்கள் வேறொரு வழியைத் தேடினர். எச்சரிக்கை எதுவும் தராமல், மருத்துவர் முன் வைக்கப்படும் படிவத்தையே மாற்றினர். டெல்ஃப்ட் பகுதியின் குடும்ப மருத்துவர்களிடையே "பிளட்லிங்க்" என்ற மென்பொருளின் இரு வடிவங்கள் ஒப்பிடப்பட்டன. ஒன்று, சுருக்கமான பரிசோதனைப் பட்டியலை மட்டும் காட்டியது. மற்றொன்று, நோயாளியின் சிக்கல் என்ன என்று முதலில் கேட்டு, அதற்கு மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறும் பரிசோதனைகளைக் காட்டியது. 2001இல் வெளியான முடிவின்படி, முதல் வடிவத்தைப் பயன்படுத்தியவர்கள் ஒருமுறைக்குச் சராசரியாக 6.9 பரிசோதனைகளும், இரண்டாம் வடிவத்தினர் 5.5 பரிசோதனைகளும் எழுதினர். "என்ன பரிசோதனை வேண்டும்?" என்பதற்கு முன் "எதற்காக?" என்று கேட்டதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். லாரன்ஸ் வீட் 1968இல் கேட்ட கேள்வியும் இதுவே.

படிவம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். நோய்வாரியாக முன்கூட்டியே தயாரித்த பரிந்துரைத் தொகுப்புகளில் சில பரிசோதனைகள் ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருக்கும். "தினமும்" என்ற ஒரு சொல் தேர்வாகியிருந்தால், நோயாளி வீடு திரும்பும்வரை ஒவ்வொரு காலையும் இரத்தம் எடுக்கப்படும். மிகைப் பரிசோதனையைத் தடுக்க வந்த அதே திரை, அதைப் பெருக்கவும் வழி செய்தது. அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய "சூசிங் வைஸ்லி" இயக்கத்தின்கீழ், நிலை சீராக உள்ள நோயாளிக்குத் திரும்பத் திரும்ப இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டாம் என்று மருத்துவமனை மருத்துவர் சங்கம் 2013இல் அறிவுறுத்தியது.

சட்டமும் பரவலும்

1990களின் ஆய்வுகள் பெரிய கல்வி மருத்துவமனைகள் சிலவற்றில், அங்கேயே எழுதப்பட்ட மென்பொருளில் நடந்தவை. 2009இல் இயற்றப்பட்ட ஹைடெக் சட்டம், மின்னணுப் பதிவேட்டை முறையாகப் பயன்படுத்தும் மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களுக்கும் ஊக்கத்தொகை வழங்கியது. அதன்பின் நாடெங்கும் பதிவேடுகள் பரவின. பழைய ஆய்வுகள் பேரளவில் மீண்டும் சோதிக்கப்பட்டன.

கட்டணம் காட்டும் முறைக்கு இரு வேறு விடைகள் கிடைத்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 61 பரிசோதனைகளை வைத்து நடந்த ஆய்வில், கட்டணம் காட்டப்பட்டவை சுமார் 8.6 விழுக்காடு குறைந்தன, காட்டப்படாதவை 5.6 விழுக்காடு கூடின. இது 2013இல் வெளியானது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூன்று மருத்துவமனைகளில் 98,529 நோயாளிகளை உள்ளடக்கிய ஆய்வு 2017இல் வெளியானது. அதில் மொத்தப் பரிசோதனை எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

தடுத்தலும் எச்சரிக்கைச் சோர்வும்

எச்சரிக்கைகள் பெருகியபோது புதிய சிக்கல் எழுந்தது. நாளொன்றுக்குப் பல எச்சரிக்கைகளைப் பார்க்கும் மருத்துவர், படிக்காமலேயே மூடிவிடப் பழகுகிறார். இது எச்சரிக்கைச் சோர்வு எனப்படுகிறது. மறதிக்கு மருந்தாக வந்த கருவி, கவனத்தைத் தின்னும் கருவியாகவும் மாறியது.

கிளீவ்லாந்து கிளினிக் இதற்கு வேறு தீர்வைக் கையாண்டது. ஒரே நாளில் இரண்டாம் முறை தேவைப்படாத பரிசோதனைகளின் பட்டியலை மருத்துவர்களின் ஒப்புதலுடன் தயாரித்தனர். அவற்றை மீண்டும் எழுதினால் கணினி ஏற்காது. உண்மையாகவே தேவையெனில் மருத்துவர் ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்துப் பெறலாம். இரண்டு ஆண்டுகளில் 11,790 பரிசோதனைகள் தடுக்கப்பட்டன. 1,83,586 டாலர் மிச்சமாயிற்று. மருத்துவர் விரும்பினால் கடந்து செல்லக்கூடிய எச்சரிக்கை 42.6 விழுக்காடு பலனளித்தது, முழுத்தடை 92.3 விழுக்காடு பலனளித்தது என்று 2015இல் வெளியான ஒப்பீடு காட்டியது.

ஆனால் முழுத்தடை எல்லா இடத்துக்கும் ஏற்றதன்று. ஒன்றையொன்று பாதிக்கும் இரு மருந்துகளைச் சேர்த்து எழுதுவதை முழுமையாகத் தடுத்த ஓர் ஆய்வு, சில நோயாளிகளுக்குத் தேவையான சிகிச்சை தாமதமானதால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. இம்முடிவு 2010இல் வெளியானது. தடையோடு ஒரு தொலைபேசி எண்ணும் மறுமுனையில் பதில் சொல்ல ஓர் ஆளும் இருப்பது எவ்வளவு அவசியம் என்பதை இது உணர்த்துகிறது.

ஸ்கேன் பரிசோதனைகள்

பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், ஸ்கேன் எழுதும் மருத்துவர் நோயின் அறிகுறிகளைப் பதிவு செய்ததும் அந்த ஸ்கேன் எவ்வளவு பொருத்தம் என்பதை 1 முதல் 9 வரையிலான மதிப்பெண்ணாகக் கணினி காட்டியது. 2009இல் வெளியான ஆய்வு, இதன்பின் சி.டி. ஸ்கேன்களின் வளர்ச்சி வேகம் வெகுவாகத் தணிந்ததாகத் தெரிவித்தது.

இவ்வெற்றியை நாடு முழுவதற்கும் விரிக்க அரசு முயன்றது. மெடிகேர் நடத்திய முன்னோட்டத் திட்டத்தில், எழுதப்பட்ட ஸ்கேன்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குக் கணினியால் பொருத்தமான வழிகாட்டுதலைக் கண்டறியவே முடியவில்லை. ஆயினும் 2014இல் இயற்றப்பட்ட சட்டம், மெடிகேர் நோயாளிக்கு உயர்நிலை ஸ்கேன் எழுதுமுன் இத்தகைய கருவியைக் கலந்தறிய வேண்டும் என்றது. நடைமுறைத் தேதி பலமுறை தள்ளிப்போனது. இறுதியில் 2024 ஜனவரி 1 முதல் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு மருத்துவமனை தன் மருத்துவர்களோடு கலந்து பல ஆண்டுகளில் செப்பனிட்ட முறையை, சட்டத்தால் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் நிறுவ இயலவில்லை.

பொதுப்பெயர்களும் விடுபட்ட பரிசோதனைகளும்

பழைய முடிவைக் காட்ட வேண்டுமானால், வேறு மருத்துவமனையில் செய்த பரிசோதனையும் அதே பரிசோதனைதான் என்று கணினிக்குத் தெரிய வேண்டும். ஒவ்வோர் ஆய்வகமும் ஒவ்வொரு பெயர் வைத்திருந்ததால் இது இயலாமல் இருந்தது. ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994இல் "லாயிங்க்" என்ற பொதுக் குறியீட்டு முறையைத் தொடங்கியது. இன்று பல நாடுகள் இதைப் பயன்படுத்துகின்றன. இந்திய அரசு 2016இல் வெளியிட்ட மின்னணு நலவாழ்வுப் பதிவேட்டுத் தரங்களிலும் இது இடம்பெற்றுள்ளது.

15 ஆண்டுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான ஒரு மதிப்பீடு, ஆய்வகப் பரிசோதனைகளில் மிகையாகச் செய்யப்படுபவை சராசரியாக 20.6 விழுக்காடு என்றும், செய்ய வேண்டியிருந்தும் விடுபடுபவை 44.8 விழுக்காடு என்றும் கூறியது. செலவைக் குறைக்கும் நோக்கில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் முதல் எண்ணையே துரத்தின. இரண்டாம் எண் பெரியதாக இருந்தும் குறைவான கவனமே பெற்றது.

மதிப்பீடு

இந்த அரை நூற்றாண்டு முயற்சிகளிலிருந்து சில பொது முடிவுகளைப் பெறலாம். மருத்துவர் முடிவெடுக்கும் இடத்திலும் நேரத்திலும் கிடைக்கும் தகவலே பயன்படுகிறது. கருவியை நீக்கினால் பயனும் நீங்குகிறது. ஓரிடத்தில் பலித்தது மற்றோரிடத்தில் பலிக்கும் என்ற உறுதி இல்லை. பயன்படுத்தும் மருத்துவர்களைக் கலக்காமல் திணித்த கருவிகள் பெரும்பாலும் நிலைப்பதில்லை. லாஸ் ஏஞ்சலிஸின் சீடார்ஸ்-சைனாய் மருத்துவமனை, மருத்துவர்களின் எதிர்ப்பால் தன் கணினிப் பரிந்துரை முறையையே 2003இல் திரும்பப் பெற்றது.

வெற்றியை எதைக் கொண்டு அளப்பது என்பதும் முக்கியம். எத்தனை பரிசோதனைகள் குறைந்தன என்பதை எண்ணுவது எளிது. தேவையான பரிசோதனை உரிய நோயாளிக்கு உரிய நேரத்தில் நடந்ததா என்பதை அளப்பது கடினம். 1976ஆம் ஆண்டு ஆய்வு அந்தக் கடினமான கேள்வியுடன்தான் தொடங்கியது. நினைவூட்டல் வந்தபோதும் 49 விழுக்காடு நிகழ்வுகளில் மருத்துவர்கள் எதையும் செய்யவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவே. அவற்றில் எவை மறதி, எவை நோயாளியை நேரில் பார்த்தவரின் நியாயமான முடிவு என்று பிரித்தறியும் பணி இன்றும் தொடர்கிறது.